டயர் ஷெட் சுவரில் சிவப்புக் கோடு

பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டுகிறவனுக்கு ‘ஸ்பிரிங்’ என்று பட்டப்பெயர் வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. ஆள் குள்ளம்தான். ஆனால் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே பந்து மிதந்தால், நெட்டையன்களின் தலைக்கு மேலே முதலில் தெரிவது அவன் கைதான். பத்து வருஷமாக டிப்போ அணியில் ஏழாம் எண் பனியன் அவனுடையது.

இந்த வருஷம் வந்த புதுக் கோச், டயர் ஷெட் சுவரில் உயரமாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தார்.

“விரல்ல சாக்பீஸ் தூள் தடவிக்கிட்டு எம்பணும். தூள் கோட்டுல பட்டா டீம். படலேன்னா பெஞ்சுகூடக் கிடையாது. ரெண்டு மாசம் டைம்.”

எப்போது என்ன சாப்பிடுவதென்று அச்சடித்த தாள் ஒன்றையும் ஆளுக்கொன்று கொடுத்தார். ஸ்பிரிங் அதைப் படிக்காமலே சட்டைப்பையில் திணித்தான். துவைக்கும்போது எடுத்துப் படித்தவள் அவன் மனைவி. அதன்படியே டப்பா கட்டினாள்: மதியத்துக்குச் சோறு, பருப்பு, காய், ஆட்டத்துக்கு முன் ஒரு வாழைப்பழம், எடை தூக்கியபின் இரண்டு முட்டை.

முப்பத்து மூன்று வயதில் ஸ்பிரிங் புதிதாகப் பயிற்சியில் இறங்கினான். தோளில் இரும்புக் கம்பியோடு குந்திக் குந்தி எழுந்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். தானாகவே ஒரு முடிவுக்கு வந்தான்.

“சுமை இல்லாத வண்டி மேட்டுல எப்படிப் பறக்குது! உடம்பும் அப்படித்தான்டா” என்று, மதியம் மரநிழலில் டப்பாவைத் திறந்து நாலு வெள்ளரித் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை டிப்போவின் இளம் கண்டக்டர் ஒருவனிடம் தள்ளிவிடுவான். கண்டக்டரும் அதே அணியில் கடைசி இடத்துக்குத் தவம் கிடப்பவன், வேண்டாமென்பானா? மாலையில் டப்பா துடைத்தாற்போல் வீடு திரும்பும். மனைவிக்கு வாயெல்லாம் பல்.

தேர்வு நாளன்று அவளும் வேலியோரம் வந்து நின்றாள்.

ஸ்பிரிங் எம்பினான். தூள் பதிந்த இடத்தைப் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோட்டுக்கு நாலு விரல் கீழே. போன வருஷம் விளையாட்டாகத் தொட்ட உயரம்கூட இல்லை. “தூள் சரியில்ல” என்று மறுபடி எம்பினான். இன்னும் கீழே. இறங்கியபோது முழங்கால் மடங்கித் தரையில் கையை ஊன்றினான்.

அடுத்துக் கண்டக்டர். எம்பினான். கோட்டுக்கு ஒரு விரல் மேலே வெள்ளைத் தடம்! மைதானமே வாயைப் பிளந்தது.

“ரெண்டு மாசம் முன்னாடி ஒரு சாண் கீழே நின்னவன்தானே நீ? என்னடா தின்ன?” என்றார் கோச்.

“எல்லாம் அண்ணி கைச்சோறுதான் கோச்!” என்றான் அவன், வேலியைப் பார்த்துக் கும்பிட்டபடி. “அண்ணன் ரெண்டு மாசமா ஒரு பருக்கை தொடலையே! எல்லாம் எனக்குத்தான்.”

வேலிக் கம்பியைப் பிடித்திருந்தவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

“என்னங்க… நெஜமா?”

ஸ்பிரிங் விரலில் மிச்சமிருந்த தூளைக் கால்சட்டையில் துடைத்தான்.

“டேங்க்ல டீசலே ஊத்தாம வண்டியை மேட்டுல விட்டிருக்கீங்களேய்யா!” என்றார் கோச். பிறகு ஏழாம் எண் பனியனைக் கண்டக்டரிடம் நீட்டினார். “அடுத்த வருஷம் வாங்க.” அவ்வளவுதான்.

வீடுவரை அவள் பத்தடி முன்னாலேயே நடந்தாள். அடிவாங்கியிருந்தால்கூட அவனுக்கு அத்தனை வலித்திருக்காது.

மறுநாள் மதியம் அதே மரநிழல், அதே டப்பா. சோற்றின் மேல் பாலித்தீன் உறையில் அந்தத் தாள். ஸ்பிரிங் முதல்முறையாக அதை வரி வரியாகப் படித்தான். குனிந்த தலை நிமிராமல் சோற்றைத் தின்று முடித்தான்.

பழக்கதோஷத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் கண்டக்டர். “அண்ணே, முட்டை மட்டும் அப்படியே இருக்கே…”

“தொட்டே, கையை ஒடிச்சிருவேன்” என்று டப்பாவை மூடினான் ஸ்பிரிங். “அது எடை தூக்கினப்புறம்.”