சிதம்பரத்தில் ஓர் ஈரான் நடிகை, கிள்ளையில் என் பதில்

போன வருடம், 2010 ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து சிதம்பரம் போய் வந்தேன். கோயிலுக்கு இல்லை. ஈரான் நாட்டு நடிகை ஒருவரின் மூன்று படங்களை அங்கே ஒரு திரைப்படச் சங்கம் ஒரே நாளில் திரையிட்டது. எட்டு வயதில் நடித்தது, இருபத்து நான்கில் நடித்தது, நாற்பதில் நடித்தது. தாத்தா மேடை நடிகர், அப்பாவும் அம்மாவும் சினிமா. நோட்டீஸில் அவர் பெயரை ஒரு மாதிரியும் பேனரில் வேறு மாதிரியும் போட்டிருந்தார்கள். எது சரி என்று தெரியாததால் நடிகை என்றே எழுதுகிறேன்.

போனதற்கு இன்னொரு காரணம், அன்று வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. என் மகள் நிவேதாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கிள்ளையில் படம் எடுக்க வந்திருந்த ஒரு குழு அவள் பள்ளிக்கு வந்து, ஒரு வேடத்துக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. எட்டு நாள் வேலை. அந்த ஞாயிறு மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். "நீயே முடிவு பண்ணு, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று கணவர் ஒதுங்கிக்கொண்டார். நான் பத்து நாளாக "பாக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். படிப்பு கெடும் என்பது நான் வெளியே சொன்ன காரணம்.

கடலூரில் 7.20க்குப் பேருந்து. 45 கிலோமீட்டர், டிக்கெட் பதினாறு ரூபாய். காலையில் போகிறவர்கள் வலது பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. வெள்ளாற்றுப் பாலம் தாண்டி 8.35க்குச் சிதம்பரம். இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சும் பதினெட்டு ரூபாய். (கொத்சு இரண்டாம் முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்றினார்கள்.) மேலவீதிப் பக்கம் இருந்த அரங்குக்குப் பத்து நிமிட நடை. நுழைவுக் கட்டணம் இல்லை. நாற்பது பேர் இருந்திருப்போம்.

முதல் படம் 9.30க்கு. அந்தச் சிறுமிக்கு அம்மாவாக நடித்தவர் அவளுடைய சொந்த அம்மாவே. பிள்ளை வசனத்தைச் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மா காத்திருப்பது தெரிந்தது. எனக்கு வயிறு எரிந்தது. எட்டு வயதிலேயே எல்லாம் வீட்டுக்குள் இருந்திருக்கிறது. கேமரா முன்னால் நிற்கச் சொல்லித்தர அம்மா, திருத்த அப்பா. நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே வயது என்று நோட்டீஸைப் பார்த்துக் கணக்குப் போட்டபோது எரிச்சல் இன்னும் கூடியது.

நானும் நடித்தவள்தான். கல்லூரி நாடகத்தில் என்னைப் பார்த்த ஒருவர், நடிப்புத் தேர்வுக்குச் சென்னை வரச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தார். அம்மா மறுக்கவில்லை, திட்டவும் இல்லை. "பாக்கலாம்" என்றார். தேதி போய்விட்டது.

சாப்பாட்டுக்கு முன் இரண்டாவது படம். அதைத் தொடங்கும் முன் சங்கத்தின் செயலாளர், கல்லூரி ஆசிரியை ஒருவர், மைக்கைப் பிடித்துச் சொன்னார். "இவுங்க பெரிய நடிகை ஆக ஆக, இவுங்க அம்மாவுக்குச் சின்ன வேஷம்தான் கெடச்சுது. இந்தப் படத்துல அம்மா ஒரே ஒரு சீன்ல வர்றாங்க. கவனிச்சுப் பாருங்க."

நான் மகளை விட்டுவிட்டு அம்மாவுக்காகக் காத்திருந்தேன். ஐம்பதாவது நிமிடத்தில் வந்தார், பக்கத்து வீட்டுக்காரியாக. கதாநாயகி வாசலில் நின்று பேசுகிறாள்; இவர் கதவைப் பிடித்தபடி கேட்கிறார். அந்த முகத்தில் பெருமை இருக்கும் என்று தேடினேன். இல்லை. அது என்ன பார்வை என்று எனக்கு உடனே தெரிந்தது. பத்து நாளாக நான் நிவேதாவைப் பார்த்த பார்வை. ஆனால் அந்த அம்மா கதவை அகலத் திறந்து அவளை உள்ளே விட்டார்.

நான் பொறாமைப்பட்டது அந்த நடிகையிடம் மட்டும் இல்லை. அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்து இதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது.

மூன்றாவது படத்துக்கு நான் இருக்கவில்லை. நாற்பது வயதில் அவர் எப்படி நடித்தார் என்று கேட்காதீர்கள். கீழவீதியில் ஆட்டோ பிடித்தேன். கிள்ளைக்கு நூற்றைம்பது ரூபாய், அரை மணி நேரம்.

"ஷூட்டிங் பாக்கவா போறீங்க?" என்றார் ஓட்டுநர். "எங்க வீட்டுக்காரம்மாவும் நடிச்சாங்க. கும்பல்ல, கொடத்தத் தூக்கினு போற மாதிரி."

"உங்களுக்கு அந்த ஆசை இல்லையா?"

"இருந்துச்சு. நானும்தான் வரிசையில நின்னேன். அவுங்களக் கூப்ட்டாங்க, என்னைக் கூப்புடல. ரெண்டு நாள் நான் சோறே சரியா திங்கல." மாட்டுவண்டி ஒன்றைத் தாண்டினார். "ஆனா கூட்டிட்டுப் போயி கூட்டியாந்தது நான்தான்."

படக்குழு தங்கியிருந்த வீட்டில் உதவி இயக்குநர் இருந்தார், முப்பது வயதுக்காரர். நிவேதா வருவாள் என்றேன். தலையாட்டிவிட்டுத் தேதிகளை எழுதிக் கொடுத்தார். நான் கிளம்பவில்லை.

"சார், அவ அம்மா வேஷத்துக்கு ஆள் இருக்காங்களா?"

"சென்னையிலேர்ந்து வர்றாங்க மேடம். முன்னாடியே முடிவாயிடுச்சு."

"சும்மாதான் கேட்டேன்" என்றேன். அவர் அதை நம்பியது மாதிரி நடந்துகொண்டார். அந்த நாகரிகத்துக்கு நன்றி.

வாசலில் நின்று வீட்டுக்கு போன் செய்தேன். நிவேதாதான் எடுத்தாள்.

"சொல்லிட்டேன், நீ நடிக்கப் போற."

"நீ கூட வருவியாம்மா?" என்றாள்.

"எட்டு நாளும் லீவு போடுறேன்."

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். கிள்ளையிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்து ஆறு ரூபாய்; மாலையில் நான் முக்கால் மணி நேரம் நின்றேன், நேரம் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பிச்சாவரத்தில் படகு ஏறுவதென்றால் காலையிலேயே போங்கள், ஞாயிறு மதியம் கூட்டம் ஜாஸ்தி. இதுமாதிரி திரையிடல்களில் முன்வரிசையில் உட்காருங்கள். அடியில் ஓடும் ஆங்கில எழுத்து பின்வரிசைக்குத் தெரியாது. பிள்ளையை நடிக்க அனுப்புகிறவர்கள் தொப்பி, குடை, எலுமிச்சை ஜூஸ் எடுத்துப் போங்கள். பிள்ளைக்கு நடித்துக் காட்டாதீர்கள். படப்பிடிப்பின் முதல் நாள் நான் காட்டினேன், இயக்குநர் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

மூன்றாம் நாள் படகுத்துறையில் நிவேதா அழ வேண்டிய காட்சி. ஒரே டேக்கில் முடித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினேன், மற்றவர்களைவிட ஒரு நொடி தாமதமாக.