குழி விழாத இடுப்பு

ஒரு வயதாகியும் என்ட மகள் எழும்பி நிற்கவில்லை. நிறுத்தினால் இடப்பக்கம் சரிந்து விழுவாள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுத்தார்கள். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடுப்பெலும்பில் வலப்பக்கம் சிரட்டை போல நல்ல குழி. இடப்பக்கம் தட்டையாய்க் கிடந்தது. தொடையெலும்பின் உருண்டை அதற்கு வெளியே நின்றது.

"உருண்டை உள்ளுக்க இருந்தாத்தான் அம்மா குழி ஆழமா வளரும். இல்லாட்டி இடுப்பே கோணிப்போகும்" என்றார்.

உருண்டையை உள்ளே தள்ளி, கால் இரண்டையும் அகட்டி, நெஞ்சுக்குக் கீழிருந்து கணுக்கால் வரைக்கும் பிளாஸ்டர் போட்டுவிட்டார். மூன்று மாதம் அசையக் கூடாதாம். அகட்டின காலோடு பஸ்ஸில் மடியில் வைக்க ஒண்ணாது. சைக்கிள் கரியரில் பலகை கட்டி, அதில் பிள்ளையைக் கிடத்தி, என் புருசன் தள்ள, நான் குடை பிடித்தபடி எங்கட ஊர் நாவற்குடாவுக்கு நடந்தோம்.

பாலத்தடியில் ஆமி மறித்தான். முந்தின நாள் அந்தப் பக்கம் குண்டு வெடித்திருந்தது. ஒருவன் பிளாஸ்டரைத் தட்டிப் பார்த்து, அரைகுறைத் தமிழில் "உள்ள என்ன?" என்றான்.

"என்ட புள்ளைட கால்தான் ஐயா! வேறென்ன இருக்கும்?" என்று கத்தினேன். அவனுக்கு விளங்கினால்தானே! பிளாஸ்டரைக் கத்தியால் அரிந்து பிளந்தான். பிள்ளை வீரிட்டாள். காலைக் கண்டதும் "போ, போ" என்று கையைக் காட்டினான், அறுந்துபோவான்!

ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகவும் விடவில்லை. பாதையை மூடிவிட்டார்கள். மாதக்கணக்குக்குப் பிறகு திறந்தபோது உருண்டை வெளியே வந்து மேலேறிவிட்டது. டொக்டரும் வேற ஊருக்கு மாறிப் போய்விட்டார். மாமாங்கக் கோயிலில் நான் வைக்காத நேர்த்தி இல்லை. வளர வளர அவள் இடுப்பு ஒரு பக்கம் தாழ்ந்துகொண்டே போனது. பள்ளிச் சட்டையின் விளிம்பை ஒரு பக்கம் மட்டும் மடித்துத் தைப்பேன். தைக்கும்போதெல்லாம் அழுகை வரும்.

அவளுக்குப் பதினைந்து வயதில், இயக்கத்துக்கு ஆள்பிடிக்கிறவர்கள் துவக்கோடு எங்கள் ஒழுங்கைக்குள் வந்தார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை வேணுமாம். அடுத்த வளவுப் பெட்டையை இழுத்துப்போகும் சத்தம் கேட்டது. படலையைத் தள்ளிக்கொண்டு வந்தவன் மகளைப் பார்த்து, "நடந்து காட்டு" என்றான்.

நான் அவள் காதுக்குள், "நல்லா நொண்டு மகள், இன்னும் நல்லா நொண்டிக் காட்டு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "இதை விட எப்படியம்மா நொண்டுற?"

கிணற்றடி வரை நடந்தாள். அவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். என்ட பிள்ளை எனக்கு மிஞ்சினாள். ஆனால் அன்றைக்குப் பிறகு, நான் பார்த்துக்கொண்டிருந்தால் அவள் எழும்பி நடக்கவே மாட்டாள்.