சுமோக் கம்பனியில் மூன்று மாதம்

சுமோவில் வளையத்துக்குள் நிற்பவர்களுக்குப் பயமே கிடையாது. அந்தப் பயம் முழுவதையும் அலுவலகத்தில் இருக்கிறவர்களின் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற தொழில்முறை சுமோ வீரர்களை யப்பானிலிருந்து அழைத்து, ரொறன்ரோவில் காட்சிப் போட்டி நடத்தும் ஒரு சின்னக் கம்பனியில் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். வேலையை இழந்த முதல் பட்டதாரியாகவும் ஆகிவிடக் கூடாது. மூன்று மாதம் புரொபேஷன்; அதற்குள் பிழை விட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். புரொபேஷனில் இருந்த, இருக்கிற சகோதரங்களே, மனேஜர் "ஒரு நிமிசம் வாரும்" என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

விலை கூடிய கதிரை

போட்டிக்குக் காப்புறுதி எடுக்கப் பிக்கரிங்கில் ஒரு முகவர் அங்கிளிடம் போனேன். வீரர்களின் நிறையைக் கேட்டார். சொன்னேன். பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வளையத்தைச் சுற்றி வேலியோ கயிறோ இல்லை என்பதையும், தள்ளப்படுகிறவர் சிலவேளை முன் வரிசைக்குள் போய் விழுவார் என்பதையும் சொன்னேன். அவர் கேட்காததையும் சொல்வது என் பழக்கம்.

முன் வரிசையில் யார் இருப்பார்கள் என்றார். ஆக விலை கூடிய ரிக்கெற் வாங்கியவர்கள் என்றேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப ஆள் வந்து விழுற இடத்துக்கோ தம்பி கூட விலை வைச்சிருக்கிறியள்?"

பனர்

சுமோவில் விளம்பரதாரர் ஒரு போட்டியைத் தெரிவுசெய்வார். அந்தப் போட்டி தொடங்குமுன் அவருடைய பெயர் போட்ட துணிப் பனரைத் தூக்கிக்கொண்டு வளையத்தைச் சுற்றி வருவார்கள். போட்டி நடக்காவிட்டால் பனரும் வராது. மோர்னிங்சைட்டில் கேற்றரிங் நடத்தும் ஒரு அன்ரி, தன் பனரைப் பார்க்க இருபது சொந்தக்காரரைக் கூட்டிவர இருந்தார். போட்டிக்கு முதல் நாள் பயிற்சியில் அவர் தெரிவுசெய்த வீரருக்கு முழங்கால் சுளுக்கிவிட்டது.

அன்ரியை மூன்று தரம் போனில் அழைத்து, மணி அடிக்குமுன் மூன்று தரமும் வெட்டினேன். நாலாம் தரம் சொல்லிவிட்டேன். "முழங்கால் சுளுக்கினது அவருக்கு. என்ர பனருக்கு என்ன வருத்தம்?" என்றார் அன்ரி. பனரை வேறு போட்டிக்கு மாற்றித் தரும்படி என் மனேஜர் மாலினி அக்காவிடம் கெஞ்சினேன். மாற்றித் தந்தார்.

"இது உம்மடை பிழையில்லை. அடுத்தது உம்மடையாத்தான் இருக்கும், கவனம்."

ஆறு சாக்கு

ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் வீரர்கள் கூடையிலிருந்து உப்பை அள்ளி வளையத்துக்குள் எறிவார்கள். இடத்தைச் சுத்தமாக்கும் சடங்கு. சிலர் நாக்கிலும் ஒரு உப்புக்கல் வைப்பார்கள். பிறகு வெறும் மேலோடு அதிலேயே விழுந்து புரளுவார்கள். உப்பு என் பொறுப்பு. மொத்தக் கடையில் ஆறு வெள்ளைச் சாக்குக் கல்லுப்பு வாங்கி, மண்டபத்தின் பின்வாசலில் இறக்கினேன். போட்டியன்று காலை ஆறு சாக்கை உள்ளே தூக்கிப்போய்க் கூடைகளை நிரப்பினேன். சாக்குகளை எண்ணிப் பார்த்தேன், வாசித்துப் பார்க்கவில்லை.

சனம் வந்து இருக்கத் தொடங்கியபோது மண்டபத்தைப் பராமரிக்கும் சிவம் அண்ணை என்னைத் தேடி வந்தார். வாசல் படியில் உறைபனி உருக உப்புப் போட்டுவிட்டு வருகிறார். கையில் ஒரு வெறும் சாக்கு.

"தம்பி, இதிலை சமையல் உப்பெண்டெல்லோ கிடக்கு. அப்ப நீர் உள்ளுக்கை கொண்டுபோனது என்ன?"

ஒரு நிமிசம்

நான் கொண்டுபோனது பனி உருக்கும் இரசாயனம். மண்டபத்தின் அந்தச் சாக்குகளும் வெள்ளை, பின்வாசலில் என் உப்புக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருந்தன. கூடைக்குள் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. முதல் போட்டிக்குப் பத்து நிமிடம் இருந்தது. சொல்லாவிட்டால் ஒருவேளை ஒன்றும் நடக்காது. ஒருவேளை ஒருவரின் கண் போகும். மாலினி அக்காவிடம் போய், "அக்கா, ஒரு நிமிசம் வாறீங்களோ" என்றேன். அவரை நான் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

முழுவதையும் சொன்னேன். அவர் ஒலிவாங்கியை எடுத்து நிகழ்ச்சி பிந்தும் என்று அறிவித்தார். சிவம் அண்ணையும் நானும் கூடைகளைக் கழுவித் துடைத்தோம். பின்வாசலில் ஐந்து சாக்கு நல்ல உப்பு மிச்சமிருந்தது. இந்தமுறை சிவம் அண்ணை ஒவ்வொரு சாக்கையும் சத்தமாக வாசித்தார். முதல் வீரர் உப்பை அள்ளி எறிந்தபோது சனம் கைதட்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை மாலினி அக்கா கூப்பிட்டார். மேசையில் என் பெயர் போட்ட ஒரு கடிதம் இருந்தது. இருக்கச் சொல்லாமலே பேசினார்.

"போட்டி பிந்தினதுக்கு உம்மை அனுப்பவேணும். வந்து சொன்னதுக்கு வைச்சிருக்கவேணும். ரெண்டையும் கூட்டிப் பிரிச்சு, புரொபேஷனை இன்னும் மூண்டு மாதம் நீட்டியிருக்கிறன்."

வளையத்துக்குள் தோற்கிறவருக்குச் சில வினாடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. எங்களைத்தான் மூன்று மூன்று மாதமாகத் தள்ளுகிறார்கள்.