பொட்டலம் கொடுத்த பிறகு

அஞ்சம்மாள் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த டிஜேயைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அதுதான் எரிச்சல். அவன் பெயரை மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் அது அவனுக்கு ஓசி விளம்பரம்.

அக்கா மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்கிறவள். புருஷன் தங்கராசு பாம்பு கடித்துச் செத்தபோது மகள் சரண்யா கைக்குழந்தை. வெயில் காலமெல்லாம் பாத்தியில் உப்பு வாருவாள். மழை இறங்கிவிட்டால் பாத்தி முழுக்கத் தண்ணீர். அடுப்பு எரிய வேறு வழி பார்க்க வேண்டும். அக்கா பார்த்த வழி, கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது. எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, வேனில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். கொடி பிடிக்கச் சொன்னால் பிடிப்பார்கள், கை தட்டச் சொன்னால் தட்டுவார்கள்.

அதில் அக்காவுக்கு ஒரே ஒரு சட்டம். பிரியாணிப் பொட்டலம் கைக்கு வந்துவிட்டால் கூட்டம் முடிந்தது. மேடையில் எவன் பேசிக்கொண்டிருந்தாலும் பெண்கள் எழுந்து வேனுக்கு வந்துவிட வேண்டும். "சோத்தக் குடுத்துட்டும் நிக்க வெச்சான்னா, நம்மள மாடுன்னு நெனைச்சிட்டான்னு அர்த்தம்" என்பாள். கட்சிக்காரர்களுக்கும் இது தெரியும். தலைவர் வாயை மூடுகிற வரை பொட்டலத்தைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே பெண்கள் அவளை நம்பி வேனில் ஏறினார்கள்.

நான் கன்னியப்பன், அனுமந்தைக்காரன். ஈ.சி.ஆர். ஓரம் ஒரு பீச் கிளப்பில் சவுண்டு வேலை. பெரிய பெரிய டிஜேக்களுக்கு வயர் இழுத்து, ஸ்பீக்கர் தூக்கி, பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனேன். பேர் வாங்கினவர்களில் பாதிப் பேர் வாசிப்பதே இல்லை. வீட்டிலேயே ஒட்டித் தைத்த பாட்டைப் பென் டிரைவில் கொண்டுவருவார்கள். ஒரு பட்டனை அழுத்திவிட்டு, மிச்ச நேரமெல்லாம் குமிழைத் திருகுகிற மாதிரி நடிப்பார்கள். ஒரு காதில் ஹெட்போன் வேறு! ஒருமுறை பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஆடுகிறவர்களின் காலையே பார்த்துப் பாட்டை மாற்றினாள். முடிக்கும்போது அவள் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவளை மறுபடி கூப்பிடவில்லை. இன்ஸ்டாவில் அவளுக்கு ஆள் இல்லையாம். தூ!

சரண்யாவும் அதே கிளப்பில்தான், அறை கூட்டுகிற வேலை. டிகிரி முடித்த பெண். முன்வாசல் ரிசப்ஷனில் உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. அவளைவிட அக்காவின் ஆசை. "எம் பொண்ணு காலு உப்புல வேகக் கூடாதுப்பா, ஏசியில உக்காரணும்" என்று என்னிடம் சொல்லாத நாள் இல்லை.

போன கார்த்திகையில், பேர் எழுத மாட்டேன் என்றேனே, அந்த மகராசன் சாயங்கால ஷோவுக்கு வந்தான். காலையிலிருந்தே மழை மூட்டம். டிக்கெட் வாங்கியவர்களில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் பார் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். லைவ் வீடியோ போகிற ஷோ, மேடைக்கு முன்னால் வெறும் மணல். மேனேஜர் கிருபா சரண்யாவைக் கூப்பிட்டார், அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். கூட்டம் நன்றாக அமைந்தால் ரிசப்ஷன் வேலை சரண்யாவுக்குத்தான் என்று கிருபா என் காது கேட்கவே சொன்னார்.

வேன் வந்தது. பெண்கள் கிளப் கொடுத்த கறுப்பு டீ-ஷர்ட்டைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டார்கள். உப்பளத்தில் ஆம்பளைச் சட்டை மாட்டிப் பழகியவர்கள், கூச்சப்படவில்லை.

"வீடியோவுல மொகம் வேணாம்மா, கை தெரிஞ்சா போதும். அவரு கையத் தூக்குனா நீங்களும் தூக்கணும்" என்றார் கிருபா.

"சரிங்க. இவரு எந்தத் தொகுதியில நிக்கிறாரு?" என்றாள் அக்கா. நான் சிரித்த சிரிப்பில் வயர் கையைவிட்டு நழுவியது.

அவன் பட்டனை அழுத்தினான், கண்ணை மூடினான், கையைத் தூக்கினான். பெண்களும் தூக்கினார்கள். அக்காவின் முன்கையில் பச்சை குத்தியிருந்த 'தங்கராசு' லைட் வெளிச்சத்தில் ஏறி ஏறி இறங்கியது.

பாதி ஷோவில் கிருபா ஒரு காரியம் செய்தார். பெண்கள் சோர்ந்துவிட்டார்கள், சாப்பிட்டால் தெம்பாக ஆடுவார்கள் என்று பொட்டலங்களைக் கொடுக்கச் சொல்லிவிட்டார். சென்னைக்காரர், அவருக்கு என்ன தெரியும்! பொட்டலம் கைக்கு வந்ததும் அக்கா தலையை அசைத்தாள். அத்தனை பேரும் டீ-ஷர்ட்டைக் கழற்றி மணலில் மடித்து வைத்துவிட்டு வேனுக்கு நடந்தார்கள்.

கட்சிக்காரன் எவ்வளவோ தேவலாம். கூட்டம் கலைவதைப் பார்த்தால் 'நன்றி, வணக்கம்' சொல்லி மைக்கை வைத்துவிடுவான். இந்த ஆள் கண்ணையே திறக்கவில்லை. காலி மணலுக்கு முன்னால் நின்று, "கமான் மரக்காணம்!" என்று கத்தினான். இரண்டு கையும் ஆகாயத்தில். பாட்டு மட்டும் யார் தயவும் இல்லாமல் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு நாய் நின்று கேட்டது.

கிருபா வேனுக்கு ஓடினார். "என்னம்மா இது? லைவ் போயிட்டு இருக்குது!"

"பொட்டலம் குடுத்துட்டீங்களே சார்."

"இப்ப எல்லாரும் திரும்பி வரலன்னா ரிசப்ஷன மறந்துடுங்க. நாளைக்கு உங்க பொண்ணு கூட்டறதுக்கும் வர வேணாம்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். சரண்யா தூணோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"எறங்குங்கடி" என்றாள் அக்கா.

"ஏன்க்கா? அதான் சோறு குடுத்தாச்சே?"

"எனக்காக எறங்குங்க."

அப்படி ஒரு வார்த்தையை அவள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. பெண்கள் இறங்கி, டீ-ஷர்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டார்கள். ஷோ முடிகிற வரை கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பிரியாணி வேனில் ஆறிப்போனது.

முடிந்ததும் அவன் போனைப் பார்த்து, "என் மியூசிக் இவங்களுக்கு வெறி ஏத்திடுச்சு பாருங்க" என்று பீற்றிக்கொண்டான். அவனே கொண்டுவந்து வைத்து அத்தனை நேரம் திருகிக்கொண்டிருந்த பெட்டியின் வயரைச் சுருட்டப் போனேன். அதன் மறுமுனை எதிலும் செருகப்படவே இல்லை.

சரண்யாவுக்கு ரிசப்ஷன் வேலை கிடைத்தது. கிருபா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதையும் எழுதிவிடுகிறேன்.

தை மாசம் அவன் மறுபடி வருகிறான் என்று கிளப் வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் பேனர் கட்டினார்கள். கார்த்திகை ஷோவில் எடுத்த படம். அவன் முதுகு, அவனுக்கு முன்னால் பெண்கள் தூக்கிய கைகள். எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரிந்த கையில் 'தங்கராசு'.

அன்றைக்கு மத்தியானம் அக்கா மகளுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துத் தூக்கில் கொண்டுவந்தாள். செக்யூரிட்டி அந்தப் பேனருக்குக் கீழேயே அவளை மறித்தான். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு சரண்யா ஓடிவந்தாள். புதுக் கோட்டு, உதட்டில் சாயம்.

"அம்மா, பின்பக்கமா வாம்மா. கெஸ்ட்டெல்லாம் பாக்கறாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, மேல நிமிந்து பாரு. அது உங்கப்பன் பேரு!" என்றேன்.

சரண்யா நிமிரவில்லை. அக்கா தூக்கை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"விடு கன்னியப்பா. சோத்த வாங்கிட்டும் நின்னவதானே நானு" என்றாள். பின்வாசல் பக்கம் நடந்தாள்.