காவலாளிக்குச் சொன்ன பதில்

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் எங்களுக்குத் தந்த அறையில் மின்விசிறிகூட ஒழுங்காகச் சுற்றாது. அதற்குள் வெளிநாட்டிலிருந்து வந்த மெய்நிகர் கண்ணாடி ஒன்று. தலையில் மாட்டினால் ஒரு வங்கி வாசல் தெரியும். சீருடை போட்ட காவலாளி ஒருவன் பேர், ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்பான். ஏன் கேட்கிறாய் என்பவர் கவனமானவர்; சொல்லிவிடுபவர் கவனமற்றவர் என்று பதிய வேண்டும். சொந்த விபரங்களை மக்கள் எப்படிக் காக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சியாம். நான் அதில் உதவியாளர்.

யுத்தம் முடிந்து வருஷங்கள் போயிருந்தன. ஆனாலும் அந்தச் சீருடையைக் கண்டதும் எங்கள் ஆட்களின் கை தானாக இடுப்புக்குப் போகும். அவன் வாய் திறக்க முன்பே அடையாள அட்டையை எடுத்து வெறும் சுவருக்கு நீட்டுவார்கள். முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. வெளிநாட்டிலிருந்த மேற்பார்வையாளரிடம், சோதனைச்சாவடியில் ஏன் என்று கேட்டவன் வீடு திரும்பவில்லை ஐயா, இங்கே பதில் சொல்வதுதான் கவனம் என்றேன். சுவாரசியமான விஷயம், ஆனால் விதியை மாற்ற முடியாது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிரான் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தா. கரையிலிருந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோக, உள்ளே வந்து வயல் வேலை செய்து பிழைத்தவ. காவலாளி கேட்டதற்கெல்லாம் தடங்கலில்லாமல் பதில் சொன்னா. பிள்ளைகள் ரெண்டு, ரெண்டும் பொம்பிளைப் பிள்ளைகள் என்றா.

கண்ணாடியைக் கழற்றியபின் பால் விடாத பிளேன்டீ கொடுத்தேன். தன் மகனுக்கு இது என்றால் உயிர் என்றா. காவலாளியிடம் ரெண்டு மகள்மார் என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“அந்த உடுப்புக்காரனுகள் கேட்டா எப்பவும் எனக்கு ரெண்டு மகள்மார்தான்,” என்றா.

மகன் சண்டை முடிகிற காலத்தில் காணாமல் போனவன். செத்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கேயாவது இருந்தால், தன் வாயால் அவன் பிடிபடக்கூடாது என்று இத்தனை வருஷமும் அவனைப் பெறாதவ போலவே பதில் சொல்லி வந்திருக்கிறா. பொம்மைக் காவலாளிக்குக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

எழும்பும்போது என் கையைப் பிடித்தா. “இத எழுதிப்போடாத மகள். அவன் வரணும்.” ஆகவே இங்கேயும் ஊரையும் பிள்ளைகளின் தொகையையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கே மேற்பார்வையாளரோடு சண்டை பிடித்தேன். வந்த அத்தனை பேரிலும் இவதான் விபரம் மறைத்த கெட்டிக்காரி, இவவைப் போய்க் கவனமற்றவர் என்பதா என்றேன். அப்படியானால் எதை மறைத்தார் என்று எழுது, மாற்றிவிடலாம் என்றார். நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவ இரகசியம் காத்தவ என்று நிரூபிக்க அந்த இரகசியத்தையே நான் போட்டுடைக்க வேண்டும். கண்டறியாத ஆராய்ச்சி! கவனமற்றவர் என்றே பதிந்தேன்.

அறிக்கை வந்ததும் கவனமற்றவர்களுக்கென்று பயிற்சி வகுப்பு ஒன்று வைத்தார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆட்களைக் கூப்பிடும் வேலையும் என் தலையில். அந்த அம்மா பஸ் ஏறி வந்து முன்வரிசையில் இருந்தா. படிப்பித்தவர், உதாரணத்துக்காக, அம்மா உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

“ரெண்டு,” என்றா.

பார்த்தீர்களா, கேட்டவுடன் இப்படித்தான் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறீர்கள் என்று அவர் சபைக்குச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அவ சிரிக்கவில்லை. திரும்பி என்னையே பார்த்தா. நான் வாயைத் திறக்கவில்லை.