கடித்துக் குடித்த தேநீர்

ஆறு வயதில் நான் மனப்பாடம் செய்த பட்டியல் இது: என் பெயர், அதாவது இறந்துபோன ஒரு சிறுமியின் பெயர். அவள் பிறந்த தேதி. ஞானஸ்நானம் பெற்ற கோயில். யாரை அம்மா என்பது. யாரைச் சித்தி என்பது.

இலங்கையிலிருந்து படகில் வந்த என்னையும் என் அம்மாவையும் தூத்துக்குடிக் கடலோரத்தில் ஒரு மீனவக் குடும்பம் சேர்த்துக்கொண்டது. அவர்கள் மகள் காய்ச்சலில் போயிருந்தாள். ரேஷன் அட்டையில் மட்டும் இருந்தாள். நான் அவளானேன். என்னைப் பெற்றவள் வீட்டுக்காரியின் தங்கையானாள். தெரிந்துவிட்டால் எங்களைப் பிரித்துவிடுவார்கள் என்பது மட்டும் எனக்குப் புரிந்திருந்தது.

இறந்துபோனவளின் கவுன் எனக்குக் கணுக்கால் வரை வந்தது. அதோடு கரையில் நடந்தால், மணலில் வேறொருத்தியின் நிழல் விழுவதுபோல இருக்கும். கரையைக் கண்காணிக்கும் கம்பத்தின் உச்சியில் கேமரா மெல்லத் தலை திருப்பும். அவள் எப்படி நிற்பாள் என்று யோசித்து, அப்படி நிற்பேன்.

சனிக்கிழமைகளில் ஒரு போலீஸ்காரர் வந்து, வீட்டில் யார் யார் என்று எழுதிக்கொள்வார். ஒருநாள் அவருக்குப் போட்ட, பால் விடாத கட்டன்சாயாவில் எனக்கும் கொஞ்சம் கிடைத்தது. பக்கத்தில் கருப்பட்டி. எங்கள் ஊரில் செய்வதுபோல ஒரு கடி கடித்தேன், ஒரு மிடறு குடித்தேன். பட்டியலில் தேநீர் இல்லை.

“ஏளா, இதென்ன? இங்கன எல்லாரும் கலக்கித்தான குடிப்பாவ? அக்கரைச் சிலோன்காரங்கல்லா இப்படிக் கடிப்பாவ?” என்றார் போலீஸ்காரர்.

வீட்டுக்காரி மீன் கழுவிய கையைத் துடைத்தாள். “அவ அப்பன் பழக்கம் சார். நடுக்கடல்ல உக்காந்து ஆத்திக்கிட்டா இருப்பாவ? கட்டிய வாயில போட்டு டீய ஊத்துவாவ. எனக்கும் தொத்திக்கிச்சு.” ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். சொத்தைப் பல், கண்ணில் நீர் வந்தது.

“பல்லு போன பொறவு என்ன செய்வீக?”

“மவ எதுக்கு இருக்கா? கடிச்சுத் தருவா.”

அவர் சிரித்தார். சிரித்தபடியே என் அம்மாவைப் பார்த்தார். அவள் உள்ளங்கையிலும் ஒரு துண்டு தயாராக இருந்தது. அப்பனின் பழக்கம் அவன் மனைவியின் தங்கைக்கு எப்படி வரும்? பேசினால் ஊர் தெரிந்துவிடும் என்பதால் அவள் அவர் முன் வாயே திறப்பதில்லை. துண்டை டம்ளரில் போட்டாள். கரண்டியால் நெடுநேரம் கலக்கினாள். அவர் நோட்டை மூடினார்.

அவர் மாற்றலாகிப் போகும்வரை, சனிக்கிழமைதோறும் அந்தச் சொத்தைப் பல் கருப்பட்டி கடித்தது.

இப்போது துறைமுகத்தில் குளிர்கொள்கலன்களின் வெப்பநிலையைக் குறித்துவைப்பது என் வேலை. வாசலில் அட்டையைக் காட்டினால் இறந்துபோனவளின் பெயருக்குக் கதவு திறக்கிறது. மாலையில் வீட்டில் தேநீர். கருப்பட்டியை உடைத்து, “சித்தி, ஒரு துண்டு?” என்று என்னைப் பெற்றவளிடம் நீட்டுவேன்.

வாங்கி, டம்ளரில் போட்டுக் கலக்குவாள்.