அவசரம் இல்லை

திருப்பதியில் பல்கலைக்கழகம் புதிதாக வந்த காலத்தில், தாவர இயல் பிரிவில் நான் அட்டெண்டராக இருந்தேன். நிலையான அட்டெண்டர் இல்லை, ஸ்கீம் ஆள். டில்லியில் ராணுவ ஆராய்ச்சியைப் பார்க்கும் இலாகா எங்கள் டாக்டருக்கு ஓர் ஆராய்ச்சிக்காகப் பணம் கொடுத்தது. அதற்குத்தான் ஸ்கீம் என்று பெயர். அது நடக்கிறவரை எனக்குச் சம்பளம். அது நின்றால் நான் நகரிக்குத் திரும்பி நைனாவின் தறிப்பக்கம் உட்கார வேண்டியதுதான். அங்கே ஏற்கெனவே இரண்டு அண்ணன்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கே வேலை போதவில்லை.

டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை. படித்து அந்தப் பட்டம் வாங்கியவர். கிருஷ்ணா நதிப் பக்கத்துக்காரர். தெலுங்கும் இங்கிலீஷும் தண்ணீர் போலப் பேசுவார். தமிழ் கொஞ்சம் புரியும், பேச வராது. பூஞ்சக்காளான் பற்றிப் படித்தவர். அவர் முதலில் டில்லிக்கு எழுதிய மனு திரும்பி வந்துவிட்டதாம். பக்கம் பக்கமாகக் காளானைப் பற்றியே எழுதியிருக்கிறார். "இதனால் ராணுவத்துக்கு என்ன பயன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கேள்வியைப் படித்துவிட்டு அவர் கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. மதராசுக்கு ரயில் ஏறிப்போய், ராணுவச் சாமான் கிடங்கு ஒன்றில் இருந்த அதிகாரியைப் பிடித்து, "உங்களுக்கு எதனால் தொல்லை?" என்று கேட்டிருக்கிறார். அசாம் பக்கத்து மழையில் கூடாரத் துணி மக்கிப்போகிறது, சிப்பாய் தலைமேல் தண்ணீர் ஒழுகுகிறது என்று அந்த அதிகாரி சொல்லியிருக்கிறார். டாக்டர் அங்கிருந்து மக்கிப்போன கூடாரத் துண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து ஆய்வுக்கூடச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். இரண்டாம் மனுவின் முதல் வரியில் காளான் இல்லை, கூடாரம் இருந்தது. பணம் வந்தது. இதை அவரே ஒருநாள் அந்தத் துண்டைக் காட்டி என்னிடம் சொன்னார்.

வேலை சாதாரணமானதுதான். கூடாரத் துணியை நாடா நாடாவாகக் கத்தரித்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மருந்தில் நனைத்துக் காயவைத்து, மண் நிரப்பிய பானைகளில் புதைக்க வேண்டும். மண் காயாமல் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். குறித்த நாளில் எடுத்து, எடை கட்டித் தொங்கவிட்டு, எது முதலில் கிழிகிறது என்று பார்க்க வேண்டும். துணியை நூல் பிசகாமல் கத்தரிக்கத் தெரியும் என்பதால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

அக்கவுண்டன்ட் சித்தூர்க்காரர், தமிழர். மதராஸ் ராஜதானி காலத்திலிருந்து உத்தியோகத்தில் இருந்தவர். ஸ்கீம் சாமான்களுக்காகத் தனியாக ஒரு பீரோ வாங்கிவைத்து, மற்றதோடு கலக்கக்கூடாது என்று அதற்குப் பச்சை வர்ணம் அடிக்கச் சொன்னார். சாவியை என்னிடம் கொடுக்கும்போதே பயமுறுத்தினார்.

"இது டில்லிக்காரன் சொத்துய்யா. ஒரு குண்டூசி கூட உன்னிது இல்ல, என்னிது இல்ல. ஒடைஞ்சா ஒடைஞ்சத வையி. கிழிஞ்சா கிழிஞ்சத வையி. கணக்குல இருக்கிறத குப்பையில போட்டுக்கினு வந்து என் மூஞ்சில முழிக்காத."

டாக்டருக்கு இந்தக் கெடுபிடி பிடிக்காது. சாமானுக்கென்று வந்த பணத்தைச் சம்பளத்துக்கு எடுக்க முடியாது, பயணத்துக்கென்று வந்ததைச் சாமானுக்கு எடுக்க முடியாது என்று அக்கவுண்டன்ட் தடுக்கும்போதெல்லாம் அவர் மூக்கு சிவக்கும். ஆனாலும் இருவரும் ஒருவரையொருவர் மரியாதை குறையாமல்தான் நடத்தினார்கள், அந்த மார்ச் மாதக் கடைசி நாள் வரை.

அன்று காலை டில்லியிலிருந்து தந்தி வந்தது. முதல் வருஷச் செலவுக் கணக்கு, தணிக்கை அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் போட்டு, இன்றைய தேதிக்குள் தபாலில் சேர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷத்துப் பணம் கிடையாது.

டாக்டர் அக்கவுண்டன்டை அழைத்துவரச் சொன்னார். நான் அழைத்துவந்தேன். அவர் தந்தியைப் படித்துவிட்டு, "கணக்கு எங்க சார்? நீங்க எழுதிக் குடுத்தாத்தான நானு ஆடிட்டுக்கு அனுப்ப முடியும்?" என்றார்.

"மீரே கதா அவசரம் லேதன்னாரு!" என்று டாக்டர் கத்தினார். கணக்கைப் பற்றிக் கேட்டபோது நீங்கள்தானே அவசரம் இல்லை என்றீர்கள் என்று அர்த்தம்.

"ஆமா, அவசரம் இல்லன்னேன். வாணாம்னா சொன்னேன்?"

"அவசரம் லேது அண்ட்டே அவசரம் லேது!" இல்லை என்றால் இல்லைதான் என்று டாக்டர் விடவில்லை.

நான் கதவோரம் நின்றிருந்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பிறந்தவனுக்கு இது ஒரு நொடியில் விளங்கிவிடும். தமிழில் அவசரம் என்றால் சீக்கிரம் ஆக வேண்டியது. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. மெதுவாகச் செய்யலாம் என்று ஒருவர் சொன்னதை, செய்யவே வேண்டாம் என்று மற்றவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். பெரியவர்கள் சண்டையில் எப்படி நுழைந்து சொல்வது என்று யோசித்தேன்.

அதற்குள் அக்கவுண்டன்டே நெற்றியில் அறைந்துகொண்டார். "அட தேவுடா! சித்தூர் கடைத்தெருவுல தெனம் கேக்கிற வார்த்த. எம்புத்தி எங்க போச்சி?"

டாக்டருக்கும் புரிந்துவிட்டது. ஆனாலும் ஏறிய கோபம் இறங்கவில்லை. மதராஸ் வழக்கப்படி ஏப்ரலில்கூடக் கணக்கை முடிக்கலாம் என்று அக்கவுண்டன்ட் நினைத்ததும் தப்பு, ஒரு வருஷச் செலவுக்குக் கணக்கே வேண்டாம் என்று டாக்டர் நம்பியதும் தப்பு. இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். ரசீதுகளை டாக்டர் எடுத்துக்கொடுக்க, அக்கவுண்டன்டே உட்கார்ந்து டைப் அடித்தார். நான் பச்சை பீரோவில் இருந்த சாமான்களைச் சரிபார்த்துச் சொன்னேன்.

கணக்கு தயாரான பிறகுதான் அடுத்த இடி. தணிக்கை அதிகாரி திருப்பதியிலும் இல்லை, சித்தூரிலும் இல்லை. திருத்தணிக்குப் போயிருந்தார். அதுவரை ஆந்திராவில் இருந்த திருத்தணி தாலுகா மறுநாள் காலையிலிருந்து மதராஸ் ராஜ்யத்தில் சேருகிறது. அங்கே இருந்த ஆந்திர அரசு ஆபீஸ் காகிதங்களை மூட்டை கட்டிக் கொண்டுவர அவரே போயிருந்தார்.

மூன்று பேரும் பஸ் ஏறினோம். சாமான் பொறுப்பு என்னுடையது என்பதால் ரசீதுப் பையோடு நானும் போக வேண்டியிருந்தது. டாக்டர் ஜன்னலோரம், அக்கவுண்டன்ட் இந்தப் பக்கம், நடுவில் நான். இருவரும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை.

"ஆபீஸ் மூடிடுவாங்களான்னு கேளுய்யா" என்பார் டாக்டர் தெலுங்கில்.

"மூடாம இன்னா, நமக்கோசரம் விளக்கு வச்சிக்கினா உக்காந்திருப்பான்? அப்பிடியே சொல்லாத. தெரியலன்னு சொல்லு" என்பார் இவர்.

நான் தெரியவில்லை என்று சொல்வேன்.

புத்தூரில் பஸ் நின்றது. நகரியிலும் நின்றது. டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போனார். கடைத்தெருவில் எல்லை பற்றித்தான் பேச்சு. நகரி ஆந்திராவில், திருத்தணி அந்தப் பக்கம். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், "நாளைலேர்ந்து மாமியா ஊட்டுக்குப் போவணும்னா வேற ராஜ்யம் போவணும்யா" என்றார். "அங்க போயி நீ துன்ற சோத்துக்கு வரி போடுவாங்க" என்றார் பக்கத்திலிருந்தவர். பஸ்ஸே சிரித்தது. எங்கள் சீட்டில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுத் தெரு கண்ணுக்குத் தெரிந்தது. இன்று கையெழுத்து கிடைக்காவிட்டால் இந்த இடத்தில்தான் துணிமூட்டையோடு இறங்குவேன் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் எழுந்து நின்று டிரைவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருத்தணி போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆபீஸ் வாசலில் ஒற்றை மாட்டு வண்டி. அதில் சிவப்புத் துணி சுற்றிய கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மேசையைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை. தணிக்கை அதிகாரி நின்றுகொண்டே காகிதங்களைக் கிழித்துக்கொண்டிருந்தார். வயதானவர். இரண்டு பாஷையும் சரளமாகப் பேசினார்.

"நாளைக்கி இந்த ஊர்ல என் கையெழுத்துக்கு பீடி கூடக் குடுக்க மாட்டான். இன்னிக்கு வந்து நிக்கிறீங்களே!" என்றார். ஆனாலும் கணக்கை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு ரசீதாக விரல் வைத்து நகர்ந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"ராணுவ ஆராய்ச்சியில மண்பானை எதுக்கு? சிப்பாய்க்குப் பொங்கல் வைக்கவா?"

டாக்டர் இங்கிலீஷில் தொடங்கினார். மண்ணின் ஈரம், காளானின் வளர்ச்சி என்று போனது. தணிக்கை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டரும் அதைக் கவனித்துவிட்டார். சட்டென்று நிறுத்தி, "பானைலோ துணி புதைக்கிறோம். மக்குதா பாக்கிறோம்" என்று தெரிந்த தமிழில் முடித்தார்.

"சரி. இருப்புப் பட்டியல்ல ஒரு பானை கொறையுதே, அது எங்க? சாமான் பொறுப்பு யாரு?"

அக்கவுண்டன்ட் என்னை முன்னே தள்ளினார். மூட்டை தூக்குகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

"ஒடைஞ்சி போச்சிங்க."

"யாரு ஒடைச்சது?"

சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தேன். வேறு வழி தெரியவில்லை. "கொரங்குங்க" என்றேன்.

வண்டிக்காரன்தான் முதலில் சிரித்தான். தணிக்கை அதிகாரி சிரிக்கவில்லை. "டில்லிக்கு நானு கொரங்குன்னு எழுதணுமா? நாளைக்கு ஒரு பீரோ காணாமப் போனாலும் கொரங்குன்னு சொல்லுவீங்க" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

டாக்டரின் முகம் வெளுத்துப்போனது. அக்கவுண்டன்ட் என் முழங்கையைப் பிடித்தார். வலித்தது.

"பானை ஓடு இருக்குதுங்க" என்றேன். "பீரோவுல வச்சிருக்கேன். ஒடைஞ்சா ஒடைஞ்சத வையின்னு இவருதான் சொன்னாரு."

தணிக்கை அதிகாரி அக்கவுண்டன்டைப் பார்த்தார். "உடைஞ்ச பானைய பீரோவுல பூட்டி வச்சிருக்கீங்களா?"

"டில்லி சொத்து சார்" என்றார் அக்கவுண்டன்ட். முதுகு நிமிர்ந்திருந்தது.

"நீங்க மதராஸ் சர்வீஸ்தான?"

"ஆமா சார்."

"அதான" என்று பேனாவை எடுத்தார். உடைந்தது, ஓடு கையிருப்பில் உள்ளது என்று ஓரத்தில் எழுதினார். கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். மேசை டிராயரைத் திறந்தார். காலியாக இருந்தது. முத்திரை ஏதோ ஒரு கட்டுக்குள் போய்விட்டிருந்தது, கட்டு வண்டியில் ஏறிவிட்டிருந்தது.

அவர் சலிப்போடு வாசலைப் பார்த்துவிட்டு எங்களிடம் திரும்பினார். "சீல் அவசரமா?" என்றார்.

தமிழில் கேட்டாரா தெலுங்கில் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டாக்டரும் அக்கவுண்டன்டும் ஒரே குரலில் "அவசரம்!" என்றார்கள். கேட்டது தேவையா என்றாலும், சீக்கிரமா என்றாலும் பதில் அதுதான்.

வண்டியில் மூன்று கட்டுகளை அவிழ்த்த பிறகு முத்திரை கிடைத்தது. அக்கவுண்டன்ட் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினார். பின்னாலேயே டாக்டரும் ஓடினார். கோட்டுப் போட்ட மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நான் போவதற்குள் ஜன்னலைப் பாதி சாத்திவிட்டு, தபாலாபீஸ் குமாஸ்தா உறையின்மேல் அன்றைய தேதியை அடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எனக்குப் பின் சீட்டு.

ஏப்ரல் முழுவதும் டில்லியிலிருந்து பதில் இல்லை. எனக்குச் சம்பளமும் இல்லை. வேலை இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்காமலே காலையில் போய்ப் பச்சை பீரோவைத் திறந்து பூவாளியை எடுத்து, பானைகளுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன். மண் காய்ந்தால் ஒரு வருஷ வேலையும் வீண். ஸ்கீம் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான்.

மே மாதத்தில் ஒருநாள் தெளித்துக்கொண்டிருந்தபோது அக்கவுண்டன்ட் வாசலில் வந்து நின்றார். கையில் டில்லி உறை.

"இன்னாய்யா, சம்பளம் இல்லாம யாரு சொல்லி வேலை செய்யிற?"

"யாரும் சொல்லலிங்க. மண்ணு காஞ்சிடும்."

"வந்திடுச்சி. இன்னும் ஒரு வருஷம்" என்றார். பிறகு பானைகளை விரல் நீட்டி எண்ணிப் பார்த்துவிட்டு, "கொரங்கு ஏதும் வர்ல இல்ல?" என்று கேட்டுக்கொண்டே டாக்டர் அறைக்குப் போனார்.